காதில் இயர்போன், கையில் வண்டி: சட்டம் எங்கே பிடிக்கும், எதை மாற்றிக்கொள்ளலாம்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ஐ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் ‘இயர்போன் போட்டு ஓட்டினால் இவ்வளவு அபராதம்’ என்று தனியாக ஒரு பிரிவு கிடைக்காது. இதைப் பிடித்துக்கொண்டு “அப்போ தப்பில்லை” என்கிறது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. “காதில் ஒயரைப் பார்த்தாலே லைசென்ஸ் போச்சு” என்று பயமுறுத்துகிறது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம். இயர்போன் என்று பெயர் சொல்லாமலே ஓட்டுநரைப் பிடிக்கச் சட்டத்தில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால், எதைக் காதிலிருந்து கழற்ற வேண்டும், அதற்குப் பதில் என்ன ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

மூன்று வாசல்கள்

முதல் வாசல், பிரிவு 184. ஆபத்தாக வண்டி ஓட்டுவதற்கான பிரிவு இது. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது எதெல்லாம் ஆபத்தான ஓட்டுதல் என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். சிக்னலைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது போன்றவற்றோடு, கையில் பிடித்துப் பேசும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதும் அதில் இருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி சிக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் கோர்ட்டுக்குப் போகாமல் சலானிலேயே முடித்துக்கொள்வதற்கான தொகையை அரசு 2022 அக்டோபரில் மாற்றியது. அதன்படி போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்கு முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 10,000.

‘கையில் பிடித்து’ என்பதுதான் இங்கே முக்கியம். போன் பாக்கெட்டில், காதில் புளூடூத் என்றால் இந்த வரி அப்படியே பொருந்தாது என்று வாதாடலாம். ஆனால் அதே விளக்கத்தின் கடைசி வரி வலையை அகலமாக விரிக்கிறது: திறமையும் கவனமும் உள்ள ஓட்டுநரிடம் எதிர்பார்க்கக்கூடிய தரத்துக்கு மிகவும் கீழே இறங்கி ஓட்டினால் அதுவும் ஆபத்தான ஓட்டுதல்தான். பின்னால் வந்த ஆம்புலன்ஸ் விடாமல் ஒலித்தும் விலகாதவரிடம் இதைச் சொல்ல போலீஸுக்கு அதிக நேரம் ஆகாது.

இரண்டாவது வாசல், பலரும் கேள்விப்படாத ஒன்று. பழைய சாலை விதிகளுக்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ஓட்டுநரின் பார்வையும் கேட்கும் திறனும் பயணிகளாலோ சுமையாலோ வண்டியில் உள்ள கருவிகளாலோ பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு என்கின்றன. இயர்போனுக்கு மிக அருகில் வரும் விதி இதுதான். மீறினால் பிரிவு 177ஏ-இன் கீழ் 500 முதல் 1,000 ரூபாய் வரை.

மூன்றாவது, அவசர வண்டிகளுக்கு வழி விடாதது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளுக்கு ஒதுங்காவிட்டால் பிரிவு 194இ: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். “சைரன் கேட்கலை சார்” என்பது தப்பிக்கும் பதில் ஆகாது. ஏன் கேட்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

லைசென்ஸ் விஷயம் தனி. போன் பேசியபடி ஓட்டுவது, மத்திய மோட்டார் வாகன விதி 21-இல் உரிமத்தைத் தகுதிநீக்கம் செய்வதற்கான காரணங்களில் ஒன்று. இத்தகைய குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

விபத்தாகிவிட்டால் கணக்கே வேறு. அசட்டையாக ஓட்டியதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 281. உயிர் போனால் பிரிவு 106(1), 5 வருடம் வரை சிறை. நீங்கள் அடிபட்டவராக இருந்தாலும் இயர்போன் உங்களுக்கு எதிராகப் பேசும். இழப்பீட்டு வழக்கில் “இவர் பங்குக்கும் கவனக்குறைவு இருந்தது” என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால் தொகையில் அந்த அளவுக்கு வெட்டு விழும்.

வழி பார்ப்பதற்குப் போனைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாதபடி வழி காண்பதற்கு மட்டும் என்று கோடு போட்டுவிட்டது. ஸ்டாண்டில் மாட்டிய போனில் மேப் ஓடுவது சரி. அதே போனில் ரீல்ஸ் ஓடினால் கோட்டைத் தாண்டியாயிற்று.

“ஒரு காதில் மட்டும் போட்டா பரவாயில்லை” எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 27400-ஆம் பிரிவு இரண்டு காதையும் மூடுவதைத்தான் தடுக்கிறது. ஒன்று திறந்திருந்தால் போதும். நியூயார்க்கிலும் ஒரு காதுக்கு அனுமதி உண்டு. இணையத்தில் ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு முதலில் கிடைப்பது இவைதான். அப்படியே நம்மூர் டீக்கடை வரை வந்து, இது நம் சட்டம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் ஒரு காது, இரண்டு காது என்ற பேச்சே இல்லை.

பிரான்ஸில் இது தலைகீழ். 2015 ஜூலை 1 முதல் ஓட்டுநரின் காதில் எந்த இயர்போனும் இருக்கக் கூடாது, ஒற்றைக் காது புளூடூத் உட்பட. சைக்கிளுக்கும் இதே விதி. 135 யூரோ அபராதம். கார், பைக் ஓட்டுநர் என்றால் உரிமத்தில் 3 புள்ளிகளும் போகும். ஹெல்மெட்டுக்குள்ளேயே பொருத்திய ஸ்பீக்கருக்கு மட்டும் விலக்கு உண்டு. பாரிஸில் டெலிவரி ஓட்டும் நம்மவர்கள் ஊர்ப் பழக்கத்தில் ஒரு காதில் செருகிக்கொண்டு கிளம்பினால் அன்றைய சம்பாத்தியம் அங்கேயே போய்விடும்.

சட்டத்தை விடுவோம். ஒரு காது ஏற்பாடு பாதுகாப்பானதா? இரண்டு காதையும் அடைப்பதைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. வலப்பக்கம் அடிக்கும் ஹாரன் இடக்காதை வந்தடைய ஒரு மில்லி விநாடியில் முக்கால் பங்குக்கும் குறைவாகவே தாமதமாகும். அந்தச் சின்னத் தாமதமும், இரு காதுகளுக்கும் இடையே சத்த அளவில் உள்ள வித்தியாசமும்தான் திசையைச் சொல்கின்றன. ஒரு காதை அடைத்துவிட்டால் ஹாரன் கேட்கும். எந்தப் பக்கம் என்று தெரியாது. வலப்பக்கம் கார் ஏற, இடப்பக்க இடுக்கில் ஸ்கூட்டர் நுழையும் நம்மூர் சாலையில், ஹாரன் கேட்டும் திசை தெரியாதவர் தப்பான பக்கம் ஒதுங்குவார். கேட்காமலே நேராகப் போயிருந்தால் தப்பித்திருப்பார் என்ற நிலைகூட வரும்.

காதுக்குள் என்ன நடக்கிறது

இயர்போன் இரண்டு வேலைகளைச் செய்கிறது: வெளிச்சத்தத்தைத் தடுக்கிறது, உள்ளே சத்தத்தை நிரப்புகிறது. ரப்பர் முனை வைத்தவை காதை அடைத்து, உயர்ந்த சுருதிச் சத்தங்களை நன்றாகக் குறைக்கும். நாய்ஸ் கேன்சலிங் அதற்கு நேர்மாறாகத் தாழ்ந்த சுருதிச் சத்தங்களை அழிக்கும்: லாரி எஞ்சினின் உறுமல், டயர் தரையில் உருளும் ஓசை. இரண்டும் சேர்ந்த இயர்பட்ஸைப் போட்டுக்கொண்டால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் அடைபட்டுவிடும். பின்னால் நெருங்கும் லாரியை ஹாரன் அடிக்கும் முன்பே உணர்த்துவது அந்த உறுமல்தான். நாய்ஸ் கேன்சலிங் முதலில் விழுங்குவதும் அதைத்தான்.

அதைவிட மோசம் பாட்டு. வெறும் காதுக்கு 160 மீட்டர் தூரத்தில் கேட்கும் ஹாரன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டின் சத்தத்தைத் தாண்டிக் கேட்க அது இன்னும் 18 டெசிபல் உரக்க இருக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். 18 டெசிபலுக்கு மூன்று முறை பாதியாக வேண்டும்: 80, 40, 20. லாரி 20 மீட்டருக்கு வந்த பிறகுதான் காதில் விழும். உங்களைவிட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமாக அது வந்தால், 160 மீட்டரில் கேட்டவருக்குச் சுமார் 19 விநாடி கையில் இருக்கிறது. 20 மீட்டரில் கேட்டவருக்கு இரண்டரை விநாடிகூட இல்லை. மிரரைப் பார்த்து ஒதுங்குவதற்கு அது போதாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவர்கள் சிலர், சத்தத்தைக் குறைக்கக் காதில் செருகும் ஃபோம் இயர்ப்ளக் போடுகிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 டெசிபலைத் தொடும். பல மணி நேரம் அதில் இருந்தால் காது நிரந்தரமாகப் பழுதாகும். ப்ளக் காற்றிரைச்சலையும் ஹாரனையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால், இரைச்சலுக்கு மேலே ஹாரன் எவ்வளவு எழுந்து நின்றதோ அது பெரிதாக மாறாது. பாட்டோ அந்த இடைவெளியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ‘ப்ளக் போடறாங்களே, நான் இயர்போன் போட்டா என்ன’ என்பது பொருந்தாத வாதம். ஆனால் 2017 ஒழுங்குமுறையின் ‘கேட்கும் திறன்’ வரி ப்ளக்குக்கு விலக்குத் தரவில்லை. ஊருக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள்.

‘டிரான்ஸ்பரன்சி’, ‘ஆம்பியன்ட்’ என்று வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். நடைப்பயிற்சிக்கு நல்லது. பைக்கில், வெளியே இருக்கும் சின்ன மைக்கில் காற்று மோதி வெறும் ‘புஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் உள்ளே வரும். எலும்பு வழியே ஒலி கடத்தும் இயர்போன் காதுத் துளையை மூடாது என்பது உண்மை. ஹெல்மெட் அதைக் கன்னத்து எலும்போடு வைத்து அழுத்தும். அரை மணி நேரத்தில் வலிக்கும்.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும்: காது கேளாதவர்களுக்கே லைசென்ஸ் தருகிறார்களே? தருகிறார்கள், மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் மாநிலங்களுக்கு அப்படித்தான் எழுதியது. அவர்கள் வண்டி ஓட்டக் கற்ற நாள் முதல் மிரரையும் கண்ணையும் நம்பி ஓட்டுகிறார்கள். இயர்போன் போட்டவர் காது கேட்கும் என்ற பழக்கத்திலேயே ஓட்டுகிறார், ஆனால் கேட்கவில்லை. கூடவே மனதில் பாதி பேச்சில் இருக்கிறது. காதுக்கருவி அணிபவர்கள் இதைப் படித்துவிட்டு அதைக் கழற்றிவைக்க வேண்டாம். அது கேட்க உதவும் கருவி, போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இல்லை

போன் பேசியபடி ஓட்டினால் விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹேண்ட்ஸ்-ஃப்ரீயில் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் பேச்சுதானே என்று தோன்றும். குறுக்கே மாடு வந்தால் பக்கத்தில் இருப்பவரும் பார்ப்பார், பேச்சை நிறுத்துவார், “ஏய் பார்த்து” என்பார். போனில் இருப்பவர் லோன் தவணையைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

2018 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் ஆளில்லா ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் இயர்போன் போட்டிருந்ததாக முதற்கட்டத் தகவல்கள் கூறின. வேன், ஆட்டோ வைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், காலையில் ஏற்றிவிடும்போது ஓட்டுநரின் காதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. “அண்ணே, அதைக் கழட்டிட்டு ஓட்டுங்க” என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

காரில்: காதுக்கு வேலையே வைக்காதீர்கள்

காரில் இயர்போனுக்கு அவசியமே இல்லை. ஸ்டீரியோவில் புளூடூத் இருந்தால் போனை ஒருமுறை இணைத்தால் போதும். பழைய காரில் ஆக்ஸ் துளை மட்டும் இருந்தால் அதில் செருகும் புளூடூத் ரிசீவர் கிடைக்கிறது. அதுவும் இல்லை என்றால் சார்ஜர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். இதில் ஒரு தொல்லை: சென்னை, கோவை போன்ற ஊர்களில் எஃப்.எம். நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால் பாதி வழியில் பாட்டுக்கு நடுவே ஆர்.ஜே. குரல் நுழையும். காலியான அலைவரிசையாகப் பார்த்து, நிற்கும்போதே மாற்றி வைக்க வேண்டும். ஓடும்போது திருகக் கூடாது.

சத்தத்துக்கு எளிய அளவுகோல் இண்டிகேட்டர். கண்ணாடி ஏற்றி, ஏ.சி. வழக்கமான வேகத்தில் ஓட, இண்டிகேட்டர் போடுங்கள். பாட்டுக்கு நடுவே ‘டிக் டிக்’ தெளிவாகக் கேட்கும் அளவுதான் உச்ச அளவு. அந்த இடத்தில் வால்யூம் எண் என்னவென்று பார்த்து வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகாதீர்கள்.

போனை ஏ.சி. துவாரத்தில் மாட்டும் ஸ்டாண்டில் வைத்தால் வெயிலில் சூடாகி அணைந்துபோகாது. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டாண்டை நடுவில் ஒட்டினால் இடப்பக்கம் நடந்து வருபவர் மறைவார். டேஷ்போர்டை ஒட்டிக் கீழ் விளிம்பில் வையுங்கள்.

புறப்படும் முன் இவற்றைச் செய்துவிட்டால் வழியில் போனைத் தொட வேண்டிய வேலை இருக்காது. ஐபோனில் செட்டிங்ஸில் ஃபோகஸ் பகுதிக்குப் போய் டிரைவிங்கைச் சேர்த்து, காரின் புளூடூத் இணைந்தால் தானே இயங்கும்படி வையுங்கள். ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்’ என்று தானே பதில் போகும். அந்த வாசகத்தைத் தமிழிலும் எழுதி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் டிரைவிங் என்றோ டூ நாட் டிஸ்டர்ப் என்றோ தேடினால் வந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை வரும் அழைப்பை மட்டும் விடும் வசதியை இயக்குங்கள். அவசரம் என்றால் அவர்கள் மறுபடி அடிப்பார்கள்.

அப்படி ஓர் அழைப்பு வந்தால் இடது இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டிப் பேசுங்கள். மேம்பாலத்தின் மேலும், நெடுஞ்சாலையில் வண்டி ஓடும் பாதையிலும் நிறுத்தாதீர்கள். அடுத்த பெட்ரோல் பங்க் அல்லது டீக்கடை வரை போனால் அழைப்பு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

டூவீலரில்: இங்குதான் சிக்கல்

ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு பேசுவதை எந்த சிக்னலில் நின்றாலும் பார்க்கலாம். இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. போனின் தடிமன் ஹெல்மெட்டை ஒரு பக்கம் தள்ளுவதால் மறுபக்கம் இடைவெளி விழுகிறது, தாடைப் பட்டை சரியாக இறுகாது. விழும்போது ஹெல்மெட் சுழன்றோ கழன்றோ போகும். கன்னத்தில் கண்ணாடித் திரை உடையும். கழுத்தைச் சாய்த்தே ஓட்டுவதால் அந்தப் பக்க மிரரும் கண்ணில் படாது.

ஒயர் இயர்போன் ஆக்சிலேட்டர் கையில் மாட்டும். ஒயர் இல்லாத பட்ஸ், ஹெல்மெட் போடும்போது பாதி கழன்றும் கழற்றும்போது முழுதாகத் தெறித்தும் விழும். கழன்றதைப் பிடிக்க ஓடும் வண்டியில் கை போகும், பிரச்சினை அங்கேதான். விழுந்து ஹெல்மெட்டில் அடிபட்டால் காதுக்குள் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் எங்கே போய் அழுத்தும் என்பதையும் யோசியுங்கள்.

வழி மட்டும் தெரிய வேண்டும் என்றால் ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு போதும். கூகுள் மேப்ஸில் டூவீலர் வழி தனியாக உண்டு, தமிழிலேயே சொல்லும். மிரர் தண்டில் மாட்டும் ஸ்டாண்டு அதிரும். ஹேண்டில் குழாயில் ரப்பர் பட்டை வைத்து, ஆலன் சாவியால் இறுக்கும் வகையை வாங்குங்கள். பெரிய எஞ்சினின் அதிர்வு போன் கேமராவின் உள்ளமைப்பைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. விலை உயர்ந்த போன் என்றால் அதிர்வு தாங்கியும் சேர்த்து மாட்டுங்கள். பின்னால் ஆள் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். போன் அவர் கையில். இடது தோளில் தட்டினால் இடது, வலது தோளில் தட்டினால் வலது, முதுகில் இரண்டு தட்டு தட்டினால் ஓரங்கட்டு. கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி வேலையில் இருப்பவர்களுக்கு ஸ்டாண்டு மட்டும் போதாது. வாடிக்கையாளர் அழைப்பார், மழையில் திரை தெரியாது. அவர்களுக்குக் காதுக்குள் செருகும் இயர்போனைவிட ஹெல்மெட் புளூடூத் கருவி நல்லது. அதன் ஸ்பீக்கர் காதுக்கு வெளியே நிற்பதால் துளை திறந்திருக்கிறது. சட்டம் இதற்குத் தனி அனுமதி எதுவும் தரவில்லை. கேட்கும் திறன் பாதிக்கக் கூடாது என்ற வரி இதற்கும் பொருந்தும். வால்யூம் குறைவாக இருந்தால்தான் உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்.

பொருத்தும் முறை:

1. ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டாக இருக்கட்டும். கன்னத்து மெத்தைகளை பட்டனிலிருந்து கழற்றுங்கள். உள்ளே காதுக்கு நேரே பள்ளம் இருக்கிறதா பாருங்கள். பள்ளம் இல்லாத ஹெல்மெட்டில் பொருத்த வேண்டாம்.

2. ஸ்பீக்கரை முதலில் டேப்பால் ஒட்டிப் போட்டுப் பாருங்கள். அதன் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேரே வர வேண்டும். ஒரு விரல்கடை தள்ளிப் போனாலும் சத்தம் குறைந்ததுபோல் தோன்றி வால்யூமைக் கூட்டத் தூண்டும். பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் இதுதான், கருவி அல்ல.

3. இருபது நிமிடம் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருங்கள். காது மடல் வலித்தால் ஸ்பீக்கர் தடிமன் அதிகம். பள்ளத்தை ஆழமாக்கத் தெர்மாகோலைச் சுரண்டாதீர்கள். மோதும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மாகோல்தான். ஓட்டில் துளை போடுவதும் கூடாது.

4. இடம் சரியானதும் வெல்க்ரோவால் நிலையாக ஒட்டி, ஒயர்களை மெத்தைக்குப் பின்னால் ஓட்டுங்கள். முழு முகம் மூடும் ஹெல்மெட்டுக்குப் பட்டன் மைக், திறந்த ஹெல்மெட்டுக்குத் தண்டு மைக்.

5. கருவியை இடப்பக்கம் மாட்டுங்கள். வலது கை ஆக்சிலேட்டரை விட்டு வரக் கூடாது.

6. அழைப்பைத் தானே எடுக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வளைவில் திரும்பும்போது திடீரெனக் காதில் ஒரு குரல் கேட்டால் தூக்கிவாரிப் போடும்.

7. 40 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் வண்டியின் எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை நிறுத்துங்கள். மேப் குரல் மட்டும் போதும், பாட்டு வேண்டாம்.

வாடிக்கையாளர் அழைத்தால் ‘இரண்டு நிமிஷத்தில் கூப்பிடறேன்’ என்பதோடு முடித்து, நின்ற பிறகு பேசுங்கள். முகவரி கேட்டுக்கொண்டே திரும்புகிறவர்தான் எதிரே வருபவரைப் பார்க்காமல் விடுகிறார்.

மலைச்சாலையும் இரவும்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைச் சாலையில் 40. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதைச் சொல்வது எதிர் வண்டியின் ஹாரன் ஒன்றுதான். இங்கே மேப் குரலும் தேவையில்லை, திரும்ப வேறு சாலையே கிடையாது. எல்லாவற்றையும் அணைத்து, காரில் ஜன்னலை ஒரு சாண் இறக்கி ஓட்டுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஹாரன் கேட்டால்தான் அதற்கு முன்கூட்டியே இடம் பார்க்க முடியும்.

இரவில் தூக்கம் வராமலிருக்க இயர்போனில் பாட்டு கேட்கும் பழக்கம் லாரி, கால் டாக்ஸி ஓட்டுநர்களிடம் உண்டு. பாட்டு தூக்கத்தை விரட்டாது. கண் திறந்தபடியே சில விநாடிகள் மூளை அணைந்துபோவதைப் பாட்டு தடுக்காது. மணிக்கு 80 கிலோமீட்டரில் 3 விநாடி என்றால் சுமார் 67 மீட்டர். வண்டியை ஓரங்கட்டி 20 நிமிடம் கண்ணயர்வதுதான் வழி.

சலான் வந்துவிட்டால்

சலானில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 177ஏ என்றால் தொகை சிறியது, கட்டிவிட்டுப் போகலாம். 184 என்றால் யோசிக்க வேண்டும்: அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். மூன்று வருடத்துக்குள் மறுபடி வந்தால் அது இரண்டாம் குற்றமாகி 10,000 ரூபாயில் நிற்கும். போன் பையில் இருந்தது, கையில் எதுவும் இல்லை என்பது உண்மையானால் அங்கேயே வாக்குவாதம் செய்யாமல் சொல்லிவிட்டு, சலானைக் கட்டாமல் ஆட்சேபிக்கலாம். படத்தோடு வரும் இ-சலான் என்றால், மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். கை காதருகே இருக்கிறதா, ஹெல்மெட்டுக்குள் போன் தெரிகிறதா என்பதுதான் அங்கே சாட்சி. குறிப்பிட்ட நேரத்தில் அழைப்பு எதுவும் இல்லை என்று காட்ட அந்த நாளின் கால் ரெக்கார்டை நெட்வொர்க் செயலியிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளலாம். நாள் கடந்தால் செயலியில் பழைய விவரம் கிடைக்காமல் போகக்கூடும். ஆவணங்களை டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்டுவதற்குப் போனை எடுப்பது வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகு இருக்கட்டும்.